ஜீனோவைப் பெட்டியில் பூட்டி வைக்கலாமா?

பெங்களூரில் குடியேறி இரண்டு மூன்று தலைமுறை கண்ட தமிழர் வீடுகள் பலவற்றில் பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். பழைய சான்றிதழ்கள், ரேஷன் கார்டுகள், கல்யாணப் பத்திரிகைகள் ஆகியவற்றுக்கு அடியில் பைண்டிங் செய்த சில புத்தகங்கள் அதில் அகப்படும். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாரந்தோறும் பிரித்தெடுத்து, வரிசை மாறாமல் அடுக்கி, தைத்து, முதுகில் பெயர் எழுதி வைத்தவை அவை. கல்கியும் சாண்டில்யனும் அவற்றில் உண்டு. அவர்களுக்குப் பக்கத்தில் சுஜாதாவின் "என் இனிய இயந்திரா"வும் "மீண்டும் ஜீனோ"வும் இருப்பதுண்டு.

இவற்றில் சரித்திரக் கதைகளுக்கு ஒரு யோகம் வாய்த்திருக்கிறது. வந்தியத்தேவன் என்று ஒருவர் வாயெடுத்தால் போதும், ஆபீசில் நான்கு பேர் கூடிவிடுவார்கள். ஜீனோ என்ற இயந்திர நாயைப் பற்றி அப்படிப் பேச்சு எழுவதில்லை. படித்து ரசித்தவர்கள் இல்லாமல் இல்லை. ரசித்ததை அடுத்தவரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். "என்ன சார், சின்னப் பசங்க படிக்கிற கதையைப் போய் இந்த வயசிலே?" என்று யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற தயக்கந்தான் காரணம்.

இந்தத் தயக்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது. பெட்டிக்குச் சொந்தக்காரர் ரிடையர் ஆகி வீடு மாறும்போதோ, காலமாகிவிடும்போதோ அந்தப் புத்தகங்களின் அருமை வீட்டில் வேறு யாருக்கும் தெரிவதில்லை. தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பேரன் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? பழைய பேப்பர்க் கடைத் தராசில் கிலோ கணக்கில் போய்ச் சேருகின்றன. ஒரு நூலைக் காப்பாற்றுவது பெட்டியும் பூட்டும் அல்ல. அதைப் பற்றிப் பேசுகிற வாய்கள்தாம். ஆகவே, பிடித்த விஞ்ஞான நாவலைச் சக வாசகரிடம் சொல்வதும், கொடுப்பதும், அவருக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்கிப் படிப்பதும் வெறும் பொழுதுபோக்கு ஆகாது. பிற மாநிலத்தில் வாழும் தமிழர்களைப் பொறுத்தவரை அது செய்தே தீரவேண்டிய காரியம்.

கடைப் பையனும் பென்ஷன் குமாஸ்தாவும்

விஞ்ஞானக் கதை என்றாலே அது பெரிய படிப்புப் படித்தவர்களின் சமாசாரம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இலக்கியம் வளர்ந்த கதையைப் பார்த்தால் இந்த எண்ணம் தவறு என்பது விளங்கும். கடைப் பையன்களும் குமாஸ்தாக்களும் கைமாற்றிக் கைமாற்றி வளர்த்த இலக்கியம் அது.

1926ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் "அமேஸிங் ஸ்டோரீஸ்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே ஆங்கிலத்தில் வந்த முதல் பத்திரிகை அது. கடிதம் எழுதிய வாசகர்களின் விலாசத்தையும் அதில் சேர்த்து அச்சிட்டார்கள். சின்ன விஷயந்தான். ஆனால் அதனால் விளைந்தது பெரிது. எங்கோ ஒரு சிற்றூரில் தனியாகப் படித்துக்கொண்டிருந்தவர், தம்மைப் போன்ற இன்னொருவர் வேறோர் ஊரில் இருப்பதை அறிந்தார். கடிதங்கள் பறந்தன. ஊருக்கு ஊர் வாசகர் மன்றங்கள் முளைத்தன. 1939இல் நியூயார்க்கில் விஞ்ஞானக் கதை வாசகர்களின் முதல் உலக மாநாடே நடந்துவிட்டது.

அந்தத் தலைமுறை வாசகர்களில் ஒருவர் ஐசக் அஸிமாவ். ரஷ்யாவிலிருந்து 1923இல் பெற்றோருடன் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன குடும்பத்துப் பையன். புரூக்ளினில் தகப்பனார் மிட்டாய்க் கடை வைத்திருந்தார்; கடையில் பத்திரிகைகளும் விற்றார்கள். மலிவுக் கதைப் பத்திரிகைகளைத் தொட்டால் பையன் கெட்டுப்போவான் என்று அப்பா தடை போட்டிருந்தார். 1929இல் "சயன்ஸ் வொண்டர் ஸ்டோரீஸ்" என்ற பத்திரிகை வந்தபோது, பெயரிலேயே சயன்ஸ் இருக்கிறதே என்று வாதாடி அனுமதி வாங்கிவிட்டான் பையன். விற்க வேண்டிய இதழ் ஆதலால் கசங்காமல் படித்து அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். இப்படிப் படித்த பையன்தான் பின்னாளில் ரோபோக்களுக்கு மூன்று விதிகளை வகுத்தார். 1942இல் ஒரு சிறுகதையில் அவர் எழுதிய அந்த விதிகளை இன்று இன்ஜினீயர்களும் வக்கீல்களும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இன்னொருவர் ஆர்தர் கிளார்க். கல்லூரியில் சேர வசதியில்லாமல் 1936இல் லண்டனில் கல்வி இலாகாவின் பென்ஷன் கணக்குப் பிரிவில் தணிக்கை வேலையில் சேர்ந்தவர். பகலில் பென்ஷன் கணக்கு. ஆபீஸ் விட்டால் விஞ்ஞானக் கதை நண்பர்கள். யுத்தம் முடிந்த 1945ஆம் ஆண்டில், பூமிக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோலச் சுற்றும் செயற்கைக்கோள்களின் மூலம் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று கட்டுரை எழுதினார். பட்டப்படிப்பை முடித்தது அதற்கு அப்புறந்தான்! 1956 முதல் இலங்கையிலேயே தங்கிவிட்ட அவர் 2008 மார்ச்சில் கொழும்பில் காலமானார்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடியான ஹெச்.ஜி. வெல்ஸ் இளம் வயதில் துணிக்கடையில் வேலை பழகப் போன பையன். ஆக, இந்த இலக்கியத்தைப் படிக்கத் தங்களுக்குத் தகுதி உண்டா என்று எந்தக் குமாஸ்தாவும் தொழிலாளியும் தயங்க வேண்டியதில்லை. அது முதலிலிருந்தே அவர்களுடையது.

கல்கத்தாவிலும் பம்பாயிலும்

இது வெள்ளைக்காரர் விவகாரம் என்று சொல்லவும் இடமில்லை. வங்காளத்தில் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் 1896இலேயே ஒரு விஞ்ஞானக் கதை எழுதியிருக்கிறார். ஒரு கூந்தல் தைலக் கம்பெனி நடத்திய போட்டிக்கு அனுப்பிய கதை அது. கடலில் எழுந்த புயலை ஒரு பாட்டில் தைலத்தால் அடக்குவதாகக் கற்பனை. பரிசும் கிடைத்தது.

பின்னர் சத்யஜித் ராய் 1961இல் தம் குடும்பப் பத்திரிகையான "சந்தேஷ்" இதழில் புரொபசர் ஷோங்கு கதைகளை எழுதத் தொடங்கினார். 1963இல் அத்ரீஷ் பர்தன் என்பவர் விஞ்ஞானக் கதைகளுக்கென்றே "ஆஷ்சர்ஜோ" என்ற வங்காளிப் பத்திரிகையை ஆரம்பித்தார். 1966இல் கல்கத்தாவில் விஞ்ஞானக் கதைப் படங்களைச் சேர்ந்து பார்ப்பதற்காக ஒரு சினிமா கிளப்பே தோன்றியது. ராய்தான் அதற்குத் தலைவர். ரசிகர்கள் ஒன்றுகூடியதால்தான் வங்காளத்தில் அந்த வகை எழுத்து வேரூன்றியது.

பம்பாயில் நடந்ததும் சுவையானது. டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் வானியல் விஞ்ஞானியாக இருந்த ஜயந்த் விஷ்ணு நார்லிகர் 1974இல் மராட்டி விஞ்ஞானப் பரிஷத் நடத்திய கதைப் போட்டியில் கலந்துகொண்டார். தம் பெயரைக் கண்டு நீதிபதிகள் மயங்கிவிடக் கூடாது என்பதற்காக முதலெழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பி, வேறொரு பெயரில் கதையை அனுப்பினார். முதல் பரிசு அந்தக் கதைக்குத்தான். 2025 மே மாதம் அவர் மறையும்வரை மராட்டி வாசகர்கள் அவரை விஞ்ஞானியாக மட்டுமின்றிக் கதாசிரியராகவும் கொண்டாடினார்கள். இந்தியாவிலேயே பெரிய விஞ்ஞானிகளுள் ஒருவர் வெட்கப்படாமல் எழுதிய கதையை, சாதாரண வாசகர் வெட்கப்பட்டு ஒளித்துப் படிப்பானேன்?

பெங்களூரில் பிறந்த நாய்

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதில் இன்னும் நெருங்கிய உறவு உண்டு. சுஜாதா என்ற புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் பெங்களூர் ஜாலஹள்ளியில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. பகலில் இயந்திரம், மற்ற நேரத்தில் கதை. "என் இனிய இயந்திரா" 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது அவர் பெங்களூர்வாசிதான். தமிழ்நாட்டுக்கு வெளியே பிழைப்புக்காக வந்த ஒரு தமிழர், கன்னட நாட்டில் உட்கார்ந்து எழுதியதுதான் தமிழில் இன்றளவும் மிகப் பிரபலமான விஞ்ஞான நாவல். 2008 பிப்ரவரியில் அவர் காலமானார். அடுத்த மூன்று வாரங்களுக்குள் கிளார்க்கும் மறைந்தார்.

கோலார் தங்கவயல் தமிழர்களுக்கோ விஞ்ஞானம் காலடியிலேயே இருந்தது. சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து 1902இல் மின்சாரம் வந்தது முதன்முதலில் அந்தச் சுரங்கங்களுக்காகத்தான். 1965இல் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கருவிகளை வைத்து, காற்றுமண்டலத்தில் உண்டாகிப் பூமியையே துளைத்துச் செல்லும் நியூட்ரினோ என்ற துகளின் தடயத்தை விஞ்ஞானிகள் கண்டார்கள். உலகிலேயே அத்தகைய முதல் கண்டுபிடிப்புகளில் அது ஒன்று. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இன்று மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள்.

அவர்களில் ஒருவர் கையில் வெல்ஸின் "காலயந்திரம்" நாவலைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். 1895இல் வந்த சிறிய புத்தகம். எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் மனித குலம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மேலே வெயிலில் ஆடிப்பாடித் திரியும் ஓர் இனம். பூமிக்கு அடியில் இருட்டில் இயந்திரங்களோடு வாழும் இன்னோர் இனம். உழைப்பவனைக் கீழே தள்ளி, அனுபவிப்பவன் மேலே இருந்துகொண்டால் கடைசியில் என்ன ஆகும் என்ற கேள்விதான் அதன் உள்ளுறை. சுரங்கத்தில் இறங்கியவரின் மகன் அதைப் படித்தால், லண்டன் விமர்சகருக்குத் தோன்றாத அர்த்தமெல்லாம் தோன்றும். அந்த அர்த்தத்தை அவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னால், நாவல் இன்னொரு முறை எழுதப்பட்டது போல.

வெட்டி வேலையும் ரோபோவும்

தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் இந்தக் கதைகள் ஏன் வேண்டும் என்பதற்கு ரோபோ என்ற சொல்லே சாட்சி. செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920இல் எழுதி, 1921 ஜனவரியில் பிராக் நகரில் மேடையேறிய "ஆர்.யு.ஆர்." என்ற நாடகத்தில்தான் அந்தச் சொல் உலகத்துக்கு அறிமுகமாயிற்று. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய சகோதரர் ஜோசப். செக் மொழியில் ரோபோட்டா என்றால் நிலப்பிரபுவுக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் வெட்டி என்று வருகிறதே, அதேதான். ஆக, ரோபோ என்பது முதலில் இயந்திரத்தின் பெயர் அல்ல. கசக்கிப் பிழியப்பட்ட ஓர் உழைப்பாளியின் பெயர்.

அஸிமாவ் 1954இல் வெளியிட்ட "எஃகுக் குகைகள்" என்ற துப்பறியும் நாவலை எடுத்துக்கொள்வோர் இன்னொன்றைக் காண்பார்கள். எதிர்கால நியூயார்க்கின் போலீஸ் அலுவலகம் ஒன்றில் எடுபிடி வேலை பார்த்த இளைஞனை வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரோபோவை வைத்துவிடுகிறார்கள். ரோபோ என்றாலே வெறுப்புக் கொண்ட போலீஸ்காரரோடு, ஒரு ரோபோவையே துப்பறியும் கூட்டாளியாகச் சேர்த்துவிடுகிறார்கள். கொலையாளி யார் என்ற கேள்வியைவிட, வேலை பறிபோனவன் கதி என்ன என்ற கேள்விதான் படித்தவர் மனத்தில் தங்கும்.

ரயில்வேயில் 1980களின் நடுவில் டெல்லியில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் தொடங்கியதும், பின்னர் அது மற்ற நகரங்களுக்குப் பரவியதும், பெரிய பெரிய லெட்ஜர்களும் அட்டை டிக்கெட்டுகளும் படிப்படியாக மறைந்ததும் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்கள் கண்ட மாற்றங்கள். பாங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் இதே கதைதான். இன்று கடிதம் எழுதவும், கணக்குச் சரிபார்க்கவும், கேள்விக்குப் பதில் சொல்லவும் செயற்கை அறிவு வந்து நிற்கிறது. இதைப் பற்றி ஆபீஸ்களில் நடக்கிற பேச்சு இரண்டே வகை. ஒன்று பயம், மற்றொன்று பரிகாசம். மூன்றாவது வகைப் பேச்சுக்கு விஞ்ஞான நாவல் வழி செய்து கொடுக்கிறது. இயந்திரம் வந்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், கட்டளையிடுபவர் யார் என்று நிதானமாகக் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறது.

"என் இனிய இயந்திரா"வில் நடப்பதும் அதுதான். ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் நாட்டில் மனிதர்களின் பெயர் இரண்டெழுத்துக்கு மேல் போகக் கூடாது. எல்லோர் தலையெழுத்தும் கம்ப்யூட்டரில். காணாமற்போன கணவனைத் தேடி அலைகிறாள் நிலா. அவளுக்குத் துணையாக வருகிறது ஜீனோ என்ற இயந்திர நாய். மனிதர்கள் இயந்திரமாகிவிட்ட நாட்டில் ஓர் இயந்திரம் புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, பரிவு காட்டுகிறது. இதைவிடக் கூர்மையான அரசியல் கதை அந்தக் காலத்துத் தொடர்களில் எத்தனை உண்டு?

கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு

பகிர்ந்துகொள்வது என்றால் புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவது அல்ல. கொடுப்பவர் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். கதை எந்தக் கற்பனையில் தொடங்குகிறது. தமக்கு அதில் எது பிடித்தது. எதில் மனம் ஒப்பவில்லை. முடிவை மட்டும் சொல்லிவிடக் கூடாது. நிலாவின் கணவனுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிட்டால் அப்புறம் புத்தகம் எதற்கு?

ஆளுக்குத் தகுந்த நூலைத் தேர்ந்து கொடுப்பது அடுத்தது. துப்பறியும் கதைப் பிரியருக்கு "எஃகுக் குகைகள்". தமிழிலேயே வேண்டும் என்பவருக்கு க. சுதாகரின் "6174". கோயில், குளம், மலை என்று பக்தியோடு இருப்பவருக்குக் கிளார்க் 1979இல் எழுதிய "சொர்க்கத்தின் ஊற்றுகள்" பொருந்தும். இலங்கையை மாதிரியாகக் கொண்ட ஒரு தீவில், மலை உச்சிப் புத்த மடத்துக்கும் அங்கிருந்து வானத்துக்கு லிப்ட் கட்ட நினைக்கும் இன்ஜினீயருக்கும் இடையே வரும் சங்கடத்தைச் சொல்வது அது. இலக்கியம் தெரிந்தவருக்கு ஜெயமோகனின் "விசும்பு" சிறுகதைகள். புதுத் தலைமுறை எழுத்தை அறிய விரும்புவோருக்குத் தமிழ்மகனின் "ஆபரேஷன் நோவா". ஒருவருக்குச் சரியான முதல் புத்தகம் கிடைத்துவிட்டால் இரண்டாவதை அவரே தேடிக்கொள்வார்.

தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் விஷயந்தான் முக்கியமானது. பெங்களூரில் பிறந்து கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கும் குழந்தைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. இவர்களை ஐம்பெருங்காப்பியத்தின் முன் உட்கார வைத்தால் எழுந்து ஓடிவிடுவார்கள். பேசுகிற நாய்க்குட்டி கதையை இரவில் பத்து நிமிஷம் வாசித்துக் காட்டினால், அடுத்த நாளும் கேட்பார்கள். சுவாரஸ்யமான இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட வேண்டும். மிச்சத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமே என்ற அவசரத்திலாவது எழுத்துக் கூட்டத் தொடங்குவார்கள். அ, ஆ எழுதிய சிலேட்டைவிட ஆவல் நல்ல வாத்தியார்.

அக்கம்பக்கத்துக் கன்னட நண்பர்களையும் விட்டுவிடக் கூடாது. கன்னடத்தில் ராஜசேகர பூசனூர்மட் போன்றோர் விஞ்ஞானக் கதைகள் எழுதியிருக்கிறார்கள். டிபன் நேரத்தில் அவர் ஒரு கன்னடக் கதையைச் சொல்லட்டும், தமிழர் ஜீனோ கதையைச் சொல்லட்டும். தண்ணீர்த் தகராறு வரும் காலங்களில் பெங்களூரில் என்னென்ன நடந்தன என்பது 1991ஐயும் 2016ஐயும் நினைவில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒரே கதையைச் சேர்ந்து ரசித்த இருவர் மறுநாள் ஒருவரையொருவர் அந்நியராகப் பார்ப்பது கொஞ்சம் கடினம்.

இன்றைக்கு வேறொரு பழக்கமும் பரவியிருக்கிறது. முழுப் புத்தகத்தையும் படம் பிடித்துச் செல்பேசியில் நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பியவரும் படிப்பதில்லை, பெற்றவரும் திறப்பதில்லை. எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் சேர வேண்டிய காசும் போகிறது. நூறு நூல்களை அனுப்புவதைவிட ஒரு நூலைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுவது மேல். சுஜாதாவின் நாவல்கள் இன்றும் புதுப் பதிப்பாகக் கிடைக்கின்றன. பைண்டிங் பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு, இரவல் கொடுப்பதற்கென்று ஒரு புதுப் பிரதி வாங்கிவிட்டால் மனஸ்தாபமும் வராது. அல்சூர் ஏரிக்கு அருகே உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. வீட்டில் பராமரிக்க முடியாத புத்தகங்களைத் தராசுக்கு அனுப்புமுன் அங்கே ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.

சில ஆட்சேபங்கள்

"இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வருமா?" என்பது முதல் ஆட்சேபம். சில வராது, உண்மைதான். ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதி வைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால், பரணில் செல்லரித்துப் போவதைவிட இன்னொருவர் வீட்டில் இருப்பது நஷ்டமில்லை.

"கதையில் சொன்ன காலம் கடந்துவிட்டதே, அதில் சொன்னது பலிக்கவில்லையே?" என்பது இரண்டாவது. "என் இனிய இயந்திரா" 2020களில் நடப்பதாக எழுதப்பட்டது. அந்த ஆண்டுகள் வந்தேவிட்டன; ஜீவாவும் வரவில்லை, ஜீனோவும் வரவில்லை. ஆனால் விஞ்ஞான நாவல் பஞ்சாங்கம் அல்ல, பலிக்கிறதா என்று பார்ப்பதற்கு. ஓர் எண் இல்லாமல் எந்த ஆபீசிலும் காரியம் நடக்காத நிலை வந்திருக்கிறதா இல்லையா? மனிதனை எண்ணாகப் பார்க்கும் போக்கைப் பற்றி எச்சரித்த நாவல், அந்த ஆண்டு கடந்த பிறகும் எச்சரித்துக்கொண்டுதான் இருக்கும்.

"எல்லாம் குப்பை, ராக்கெட்டும் வேற்றுக்கிரகவாசியும்தான்" என்பது மூன்றாவது. குப்பை நிறைய உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ராக்கெட்டை எடுத்துவிட்டால் கதையே இல்லாத கதைகளும் உண்டு. அதனால்தான் படித்துத் தேர்ந்த ஒருவரின் வாய்ச்சொல் தேவைப்படுகிறது. விளம்பரம் எல்லாவற்றையும் அபாரம் என்று சொல்லும். பக்கத்து மேஜைக்காரர் அப்படிச் சொல்லமாட்டார். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்வதும் பகிர்ந்துகொள்வதில் சேர்ந்ததே.

மனிதரே புத்தகமான கதை

கல்லூரிக்குப் போக வசதியில்லாமல் பள்ளிப் படிப்போடு நின்றவர் அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி. தெருமுனையில் செய்தித்தாள் விற்றுக்கொண்டு, பொது நூலகத்தையே கல்லூரியாக்கிக்கொண்டவர். 1953இல் வந்த "பாரன்ஹீட் 451" என்ற அவர் நாவலுக்கு விதையாக இருந்த கதையை, ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் காசு போட்டால் அரை மணி நேரம் இயங்கும் வாடகை டைப்ரைட்டரில் எழுதினார். புத்தகம் வைத்திருப்பது குற்றம் என்று கருதப்படும் ஒரு நாடு அது. தீயை அணைக்க வேண்டியவர்கள் புத்தகங்களைக் கொளுத்துகிறார்கள். ஊருக்கு வெளியே சிலர் ஆளுக்கொரு நூலை மனப்பாடம் செய்துகொண்டு, அந்த நூலாகவே நடமாடுகிறார்கள்.

பெங்களூர்த் தமிழர்களின் புத்தகங்களைக் கொளுத்த யாரும் வரப்போவதில்லை. அவ்வளவு சிரமம் யாருக்கும் தேவையும் இல்லை. பேசாமல் இருந்தாலே போதும், ஒரு தலைமுறைக்குள் தாமாகவே மறைந்துவிடும். மறையாமல் இருக்க மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிடித்த ஒரு நாவலை இந்த மாதம் ஒருவரிடம் சொல்ல வேண்டும். அவர் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். ஜாலஹள்ளியிலோ அல்சூரிலோ மாரிக்குப்பம் ரயிலிலோ இரண்டு தமிழர்கள் ஒரு புத்தகத்தின் மேல் சண்டை போட்டுக்கொண்டால், அந்தப் புத்தகத்துக்கு இன்னும் முப்பது வருஷம் ஆயுள் உண்டு.